கிட்டே போகாதே நண்பா!

"என்னடா, குருவியைப் படம் பிடிக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று விடுதி நண்பர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் சென்ற ஆண்டு நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தையல்சிட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் தெரிந்திருக்காது. வாலோடு சேர்த்தே சுமார் 13 செ.மீ.தான். எடை பத்து கிராமுக்குள். ஒரு இடத்தில் நிலையாக உட்காராது. குரல் மட்டும் தோட்டம் முழுக்கக் கேட்கும்!

நாம் டெக்னிக்கல் ஆட்கள் அல்லவா? ஒரு கணக்குப் போடுவோம். 300 மி.மீ. லென்ஸோடு பத்து மீட்டர் தள்ளி நின்றால், சென்சாரில் இந்தப் பறவையின் உருவம் வெறும் 4 மி.மீ. ஐந்து மீட்டருக்கு வந்தால் 8 மி.மீ. சாதாரண செல்போனில் எடுத்தால் ஒரு புள்ளி! பிறகு என்ன தோன்றும்? "இன்னும் கொஞ்சம் கிட்டப் போ" என்றுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் நாட்டு வாதாங்கன்றின் இலையை மடித்து, ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் வைத்துத் தைத்து, கூடு கட்டியிருந்தது ஒரு ஜோடி. உள்ளே மூன்று குஞ்சுகள். மாமாவின் கேமராவை இரவல் வாங்கி வந்தேன். கூட்டை மறைத்த இரண்டு இலைகளைக் கிள்ளிப் போட்டேன். படம் பிரமாதம்!

மறுநாள் காலையில் கூடு கிழிந்து தொங்கியது. காக்கையின் வேலை. ஆனால் காக்கைக்கு வழி காட்டியது யார்? தாய்ப்பறவை வாயில் புழுவோடு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. பாட்டி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அது வீட்டுக் கூரையப் பிரிச்சுட்டியேப்பா."

அந்தப் படத்துக்குத்தான் நம் சங்கப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைத்தது. சான்றிதழை இன்றுவரை யாரிடமும் காட்டவில்லை.

படமே எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் கிட்டே போக வேண்டாம், அது கிட்டே வரட்டும். செம்பருத்திச் செடி ஓரமாக அதிகாலையில் அசையாமல் உட்காருங்கள். கொஞ்சம் தள்ளி ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். அரை மணி நேரம் போனால் நம்மையும் ஒரு மரக்கட்டை என்று நினைத்து அதுவே வரும். ஷட்டர் 1/1000 விநாடியில் இருக்கட்டும். செல்போனில் அதன் குரலை ஓடவிட்டுக் கூப்பிடாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று பதறித்தான் அது ஓடி வருகிறது.

"பெரிய லென்ஸுக்குக் காசு எங்கே?" என்பீர்கள். காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களைத் தானே ஒட்டுப்போட்டுச் செய்த கேமராவில்தான் படம் எடுத்தார். காசைவிடப் பெரிய மூலதனம் பொறுமை!

சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதல் கூட்டுப் படங்களைப் போட்டிக்கு ஏற்காதீர்கள். பரிசு நமக்கு ஒரு நாள் சந்தோஷம். கூடு அதற்கு ஒரு குடும்பம்!