ஒன்பது குட்டிகளின் ஜாதகம்

எதிர் வீட்டு மாமியிடம் ஒரு பழைய நோட்டுப் புஸ்தகம் இருக்கிறது. ஏழு தலைமுறையாக யாருக்கு யார் பிறந்தார்கள், எந்த வீட்டில் பெண் எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. "இது தொலைந்தாலும் நாங்கள் இருப்போம், அம்மா! ஆனால் நாங்கள் யார் என்பது போய்விடுமே!" என்பாள் மாமி.

குதிரைகளுக்கும் இப்படி ஒரு புஸ்தகம் உண்டு என்றால் சிரிப்பீர்கள். இங்கிலாந்தில் ஸஃபோக் என்றொரு ஜில்லா. அங்கே 'ஸஃபோக் பஞ்ச்' என்று ஓர் உழவுக் குதிரை ஜாதி. செம்பட்டை நிறம்; கட்டுமஸ்தான உடம்பு. 1877-ல் இதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. ஹெர்மன் பிடல் என்பவர் ஊர் ஊராக விவரம் சேகரித்துத் தொகுத்த வம்சாவளிப் புஸ்தகம் 1880-ல் வெளிவந்தது. இன்றுள்ள ஸஃபோக் குதிரைகள் அத்தனைக்கும் ஆண் வழியில் மூல புருஷன் ஒருவன்தான்: 1768-ல் பிறந்த ஓர் ஆண் குதிரை!

"குதிரைக்குச் சங்கம் எதற்கு?" என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர்.

குட்டி பிறந்தால் தாய், தகப்பன் பெயரோடு பதிவு செய்யவேண்டும். இனத்தின் லட்சணம் இன்னது என்று வரையறுக்க வேண்டும். ஜோடி சேர்க்குமுன் நெருங்கிய உறவா என்று பார்க்க வேண்டும். நம்மைப் போல் மாமன் மகள், அத்தை மகன் என்று உரிமை கொண்டாடினால் குதிரை வம்சம் நலிந்துவிடும்!

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு வயலெங்கும் டிராக்டர் வந்தது. உழவுக் குதிரை வீண் செலவாகிவிட்டது. 1966-ல் பதிவான குட்டிகள் எத்தனை தெரியுமா? ஒன்பதே ஒன்பது! அன்று சங்கத்தார் புஸ்தகத்தை மூடி வைத்திருந்தால், பிறகு காப்பாற்ற வந்தவர்களுக்கு எது அசல், எதற்கு எது பொருந்தும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? அபாயம் இன்னும் நீங்கவில்லை. அழிந்துபோகக்கூடிய இனங்களின் ஜாபிதாவில்தான் இன்றும் அது இருக்கிறது. ஆனால், இருக்கிறது!

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. லாயத்தில் குதிரை கட்டியவர்கள்தான் அங்கத்தினராகலாம் என்பதில்லை. ஒரு குதிரைகூட இல்லாதவர்களும் சேர்ந்து சந்தா கட்டுகிறார்கள். "அவர்களுக்கு என்ன லாபம்?" என்றார் இவர். கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்பவர் வெளிச்சத்தை வீட்டுக்கா கொண்டு போகிறார்?

மாமியின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசி வரி எழுதிப் பன்னிரண்டு வருஷமாகிறது. பேத்தி பிறந்ததைக் காணோம். "கண் தெரியவில்லை, எழுத ஆளும் இல்லை" என்றாள் மாமி.

இன்று சாயந்திரம் பேனாவை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போகிறேன். உங்கள் வீட்டு நோட்டு எங்கே இருக்கிறது?