ஆறு, ஏழு, எட்டு: இந்த மழைக்காலத்தில் ஒரு பிள்ளையையும் விடாதீர்!



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தெருவோடு பாவு நீட்ட வழியில்லை. தறிக்குழியில் ஈரம். தீபாவளி ஆர்டர் முடிந்த கையோடு முன்பணக் கணக்கு வாசலில் வந்து நிற்கும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. வீட்டில் காசு வற்றும் மாதமும் பிள்ளைக்குப் பரீட்சை வரும் மாதமும் நம் ஊரில் சேர்ந்தேதான் வருகின்றன. ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் சத்தமில்லாமல் பள்ளியிலிருந்து நழுவுவது இந்தக் காலத்தில்தான். நம் கையில் இருப்பது சில வாரங்களே. நெசவாளர் தோழர்களையும் ஆசிரியர் தோழர்களையும் சேர்த்தே கூப்பிடுகிறேன்.

ஏன் இந்த மூன்று வகுப்பு? பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் ஊரே பதறுகிறது. சாமி காலடியில் ஹால் டிக்கெட் வைக்காத வீடு குறைவு. ஐந்தாவது வரை அரசின் கண் இருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல், நம் ஊர் அண்ணாவின் பிறந்தநாளில் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. நல்ல திட்டம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஏப்ரல் வரை பள்ளியில் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்ட பிள்ளைக்கு ஜூனில் ஆறாவது போனதும் காலைப் பசி தீர்ந்துவிடுமா?

அதே ஜூனில் அந்தப் பிள்ளைக்கு எத்தனை மாறுகிறது, பாருங்கள். பலருக்குப் புதுப் பள்ளி. ஒரே டீச்சர் போய், பாடத்துக்கு ஒருவர். பெண்பிள்ளை வயதுக்கு வரும் பருவம். சடங்கு, உறவுக்காரர் வருகை என்று பத்து நாள் விடுப்பு எடுத்தால் கணக்கில் பின்தங்கி, அந்த வெட்கத்திலேயே இன்னும் சில நாள் வராது. அப்பா ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கம்பெனி ஷிப்டுக்குப் போய், அம்மா தறியில் உட்கார்ந்தால், அடுப்பும் தம்பியும் மூத்த பிள்ளை தலையில். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வேறு சங்கடம்: ஆறாவதிலேயே நீட் ஃபவுண்டேஷன் என்று இரவு எட்டரை வரை உட்கார வைக்கிறார்கள். பதினொரு வயதுக்கு எதற்கப்பா நீட்?

நம் தொழிலுக்கும் இந்த வயதுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. கோர்வைச் சேலை நெய்ய இன்னொரு கை வேண்டும், கரைப் பக்கத்து நாடாவைப் போட. அது நெடுங்காலம் சின்னக் கையாகவே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை தறியில் உட்கார்ந்தது. 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தும், 2003-ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத்தொழிலின் கொத்தடிமைச் சிறார்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இருந்தது. முகூர்த்தப் பட்டுக்குப் பேர்போன ஊர் அப்படியும் பேர் வாங்கியது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டச் சிறப்புப் பள்ளிகளும், அதிகாரிகளின் சோதனைகளும், போராடியவர்களின் விடாப்பிடியும், எங்கள் காலம் எங்களோடு போகட்டும் என்ற பெற்றோரின் உறுதியும் சேர்ந்துதான் அந்தக் கைகளை விடுவித்தன.

முழுதாக விடுவித்தோமா? 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குள் வேலை கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. பள்ளிப் பையைக் கழற்றி வைத்ததும் நூலைத் தார் சுற்ற உட்காரும் பிள்ளை அந்தச் சந்துக்குள்தான் இருக்கிறது. அரை மணி நேரம் என்று தொடங்குவது, மழைக்காலத்தில் வேலை தேங்கிவிட்டால் ஒன்பது மணி வரை நீளும். மறுநாள் பிள்ளை வகுப்பில் தூங்கும். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால் விழிக்கும். திங்கள்கிழமை காலை வயிற்றுவலி வரும். அதை நடிப்பு என்று நாம் சொல்லிவிடுகிறோம். இந்த வயதில் மனச்சுமை வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும் வருவது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம்.

"கூலி உயர்வுக்கே நாதியில்லை, ஜரிகை விலை ஏறிக் கிடக்கிறது, விசைத்தறிப் போலி நம்மை மென்று தின்கிறது, இதில் பிள்ளை மனசைப் பற்றிப் பேச வந்துவிட்டாயா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேளுங்கள். கூலி குறைவதால்தான் பிள்ளையின் கை தேவைப்படுகிறது. அது இலவசமாகக் கிடைக்கும்வரை உங்கள் கூலியை உயர்த்த யாருக்கு அவசரம்? "தொழில் கைவிட்டுப் போய்விடும், சின்ன வயதில் பழகினால்தான் வரும்" என்பாரும் உண்டு. பதினெட்டு வயதில் தறியில் உட்கார்ந்து நல்ல நெசவாளரானவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

நம்மால் முடியாதது இல்லை. 2019 செப்டம்பரில் ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வு என்று மாநில அரசு ஆணை போட்டது. ஆசிரியர்களும் பெற்றோரும் கட்சிகளும் எதிர்த்து நின்றதில் 2020 பிப்ரவரியில் அரசே அதை ரத்து செய்தது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு ஐந்திலும் எட்டிலும் பெயிலாக்கலாம் என்று விதியைத் திருத்தியபோது, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அது நடக்காது என்று மாநில அரசு சொன்னது. பரீட்சையை நிறுத்தியது வரை சரி. பிள்ளையின் மாலைப்பொழுதை மீட்பது இன்னும் பாக்கி.

ஆகவே இன்றிலிருந்தே தொடங்குங்கள். நெசவாளர் தோழர்களே, அரையாண்டு முடியும் வரை பள்ளி நாட்களில் எந்தப் பிள்ளையும் தார் சுற்றக் கூடாது என்று தெருவாரியாக முடிவெடுங்கள். தனி வீட்டால் முடியாது, தெரு முழுக்கச் சேர்ந்தால் முடியும். கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் மாலை ஆறு முதல் எட்டு வரை ஓர் அறையையும் விளக்கையும் கேட்டு வாங்குங்கள். அது டியூஷனாக வேண்டாம். உட்கார்ந்து படிக்க இடமும், சந்தேகம் கேட்கக் கல்லூரி போகும் அக்கா அண்ணன் இருவரும், ஒரு தட்டு சுண்டலும் இருந்தால் போதும்.

ஆசிரியர் தோழர்களே, தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது ஒருவர் போங்கள். முதல் கேள்வி மார்க்கைப் பற்றியதாக இருக்க வேண்டாம். அடிப்பதைப் போலவே அவமானப்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுக்கிறது; அதை ஓய்வறையில் ஒட்டிவைத்தாலும் நல்லது. பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியைத் திறந்து எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள்.

எல்லோருக்கும் ஒன்று. "நான் இருந்து என்ன பயன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள், சிரிக்காதீர்கள், தனியே விடாதீர்கள். மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். வீட்டிலோ வேலையிடத்திலோ பிள்ளைக்குக் கொடுமை என்றால் சிறார் உதவி எண் 1098.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நாம்தான், பெற்றோர்தான். குழுவில் பாதியாவது பெண்கள். அடுத்த கூட்டத்தில் காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டக் கோரும் தீர்மானம் ஒவ்வொரு பள்ளியிலும் நிறைவேற வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தீர்மானத்தின் நகலோடும், உங்கள் தெருவில் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியலோடும் அன்று மாலையே சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். அன்றைக்கு அரை நாள் தறி நின்றால் போகிற கூலியை யார் எப்படி ஈடுகட்டுவது என்பதையும் அங்கேயே பேசி முடிப்போம்.