படத்துக்குப் பணம் கொடுத்தால் படப்பிடிப்பில் நாற்காலி!

அம்மன் கோவில் கொடை வந்துவிட்டால் ஊரில் வரி போடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. சங்கரன்கோவில் வட்டாரத்தில் இதை அறியாத குடும்பம் கிடையாது. தறி ஓட்டுகிறவர் கொடுப்பார். பூ தொடுத்து விற்கிற அம்மாளும் கொடுப்பார். அந்தப் பணத்தில் மேளம் வரும், வில்லுப்பாட்டு வரும். ஒரு காலத்தில் தெருவின் குறுக்கே வெள்ளைத் திரை கட்டி, விடிய விடியச் சினிமாவும் காட்டினார்கள்.

படம் பார்ப்பதற்கு ஊர் கூடிப் பணம் போட்டது பழைய கதை. இப்போது படம் எடுப்பதற்கே ஊர் கூடிப் பணம் போடுகிறது! இதைக் "கிரவுட் பண்டிங்" என்கிறார்கள். நாம் "ஊர்ப்பணம்" என்று சொல்லிக்கொள்வோம்.

வெளிநாடுகளில் இது பெரிய அளவில் நடக்கிறது. பணம் கொடுத்தவர்களைச் சும்மா விடுவதில்லை. "வாருங்கள், படப்பிடிப்பைப் பாருங்கள். காமிராவுக்கு முன்னால் நில்லுங்கள்" என்று அழைக்கிறார்கள். நடிகையைப் பக்கத்தில் பார்க்கலாம். யாருக்குத்தான் ஆசை வராது? நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிக்கும் இப்படிப்பட்ட அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. ஆகவே, கொடுக்கும் பணத்துக்கு உண்மையில் கிடைப்பது என்ன என்று பார்ப்பது நல்லது.

பத்தாயிரம் டாலருக்கு ஒரு வசனம்

அமெரிக்காவில் "வெரோனிகா மார்ஸ்" என்று ஒரு டெலிவிஷன் தொடர் வந்தது. துப்பறியும் பெண்ணின் கதை. 2007ஆம் ஆண்டில் அது நின்றுவிட்டது. ரசிகர்களுக்கு மனம் ஆறவில்லை. தொடரை உருவாக்கிய ராப் தாமஸ், அதைச் சினிமாவாக எடுக்க விரும்பினார். 2013 மார்ச் 13ஆம் தேதி "20 லட்சம் டாலர் தாருங்கள், படம் எடுக்கிறேன்" என்று இணையத்தில் கேட்டார்.

30 நாள் தவணை வைத்தார். ஒரே நாளுக்குள் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது! தவணை முடிந்தபோது 57 லட்சம் டாலர் குவிந்திருந்தது. அன்றைய மதிப்பில் ரூ.30 கோடிக்கு மேல். கொடுத்தவர்கள் 91 ஆயிரத்துக்கும் அதிகம்.

கொடுத்த தொகைக்கு ஏற்ப வெகுமதியும் உண்டு. 10 டாலர் கொடுத்தவருக்குப் படத்தின் திரைக்கதைப் பிரதி. 35 டாலருக்கு ஒரு பனியன் சட்டையும் சேர்ந்து வரும். 2,500 டாலர் கொடுத்தவர் கூட்டக் காட்சியில் ஒரு நாள் நிற்கலாம். 10 ஆயிரம் டாலர் கொடுத்த ஒருவருக்கு மட்டும் படத்தில் பேசும் வேடம். ஓட்டல் சிப்பந்தி வேடம்! ஒரே ஒரு வசனம்!

அன்றைய கணக்கில் அந்த வசனத்தின் விலை ரூ.5 லட்சத்துக்கு மேல். மனோகரா வசனத்துக்குக்கூட வார்த்தைக்கு வார்த்தை இவ்வளவு கூலி கணக்கிட்டிருக்க மாட்டார்கள்.

படப்பிடிப்பைப் பார்ப்பது என்பது நாம் நினைப்பது போன்ற வேடிக்கையும் அல்ல. திரையில் அரை நிமிடம் வருகிற காட்சிக்கு அரை நாள் காத்திருக்க வேண்டும். விளக்கை மாற்றுவார்கள். காமிராவை நகர்த்துவார்கள். "இன்னொரு தடவை" என்பார்கள். கூட்டத்தில் நிற்பவர் வாய் திறக்கக்கூடாது. நம் ஊரில் துணை நடிகர்கள் படிக்காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை, அங்கே ரசிகர் பணம் கட்டிச் செய்கிறார்!

படம் 2014 மார்ச் 14ஆம் தேதி வெளிவந்தது. லாபம் வந்தால் பணம் போட்டவருக்குப் பங்கு உண்டா? கிடையாது. அவர் கொடுத்தது நன்கொடை, பெற்றது வெகுமதி. அத்தோடு கணக்கு முடிந்தது. இதை அவர்கள் ஒளிக்கவில்லை, முன்பே சொல்லித்தான் வாங்கினார்கள். அந்த மட்டில் அது நேர்மையான காரியம்தான்.

பால் கறந்தவர்களின் படம்

அமெரிக்கக்காரர்கள் இதைச் செய்வதற்கு 37 வருடங்களுக்கு முன்பே நம் நாட்டு விவசாயிகள் செய்து காட்டிவிட்டார்கள். அதுவும் பத்தாயிரம் டாலர் கொடுத்து அல்ல. தலைக்கு இரண்டே ரூபாய் கொடுத்து!

குஜராத் மாநிலத்தில் பால் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்தவர். படித்தது நம் சென்னையில். லயோலா கல்லூரியிலும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும். பால் சங்கங்களைப் பற்றி டைரக்டர் ஷியாம் பெனகல் சில செய்திப் படங்கள் எடுத்துக் கொடுத்தார். ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. செய்திப் படத்தை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்? கதையாகச் சொன்னால்தான் ஜனங்களிடம் போய்ச் சேரும் என்றார்.

கதைப் படம் எடுக்கப் பணம் வேண்டுமே! அப்போதைய மதிப்பில் ரூ.10 லட்சம் தேவை. குரியன் ஒரு வழி சொன்னார். சங்கத்தில் பால் ஊற்றுகிற ஒவ்வொரு விவசாயியும் ஒரு நாள் பால் பணத்தில் இரண்டு ரூபாய் குறைத்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். 5 லட்சம் பேர் சம்மதித்தார்கள். ரூ.10 லட்சம் சேர்ந்துவிட்டது. 1976இல் "மந்தன்" என்ற இந்திப் படம் பிறந்தது. மந்தன் என்றால் கடைதல். மத்தால் மோரைக் கடைகிறோமே, அதுதான்.

ராஜ்கோட்டுக்கு அருகே சங்கன்வா என்ற கிராமத்தில் படப்பிடிப்பு நடந்தது. ஸ்டூடியோவில் அட்டைக் குடிசை போடவில்லை. நிஜக் குடிசை, நிஜ எருமை. நடிகர்களுக்குக் கொடுத்த உடையைக் கடைசி வரை மாற்றவில்லை. அழுக்கேற அழுக்கேற அதையே போட்டுக்கொண்டு நடித்தார்கள். ஏழை வாலிபன் வேடத்தில் நடித்த நஸீருத்தீன் ஷா குடிசையிலேயே தங்கினார். எருமை கறக்கவும் வரட்டி தட்டவும் கற்றுக்கொண்டார். பால் வாளியைத் தூக்கிச் சென்று படக் குழுவினருக்கு அவரே பால் கொடுத்தார்.

கதை என்ன? பால் சங்கம் தொடங்க ஒரு மாட்டு டாக்டர் கிராமத்துக்கு வருகிறார். அவராகக் கிரீஷ் கர்நாட் நடித்தார். அடிமாட்டு விலைக்குப் பால் வாங்கிக் கொழுத்த வியாபாரி எதிர்க்கிறார். ஊர்த் தலைவருக்கும் பிடிக்கவில்லை. சேரிக்காரனும் தனக்குச் சமமாக வரிசையில் நின்று பால் ஊற்றுவதா என்று அவருக்குக் கோபம். சுமிதா பாட்டீல் கிராமத்துப் பெண்ணாக வருகிறார். கடைசியில் டாக்டரை ஊரைவிட்டு மாற்றிவிடுகிறார்கள். ஆனால் சங்கம் சாகவில்லை. ஊர் ஜனங்களே அதை எடுத்து நடத்துகிறார்கள்.

படம் திரையிடப்பட்டபோது பணம் கொடுத்த விவசாயிகள் லாரி லாரியாக வந்து பார்த்தார்கள். எழுத்து ஓடும்போது, "குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் வழங்கும்" என்று போட்டிருந்தது. பட முதலாளியின் பெயர் வரவேண்டிய இடம் அது!

பிறகு நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். படத்தின் சிறு பிரதிகளைக் கிராமம் கிராமமாக எடுத்துப் போனார்கள். கூடவே ஒரு மாட்டு வைத்தியர், பால் தொழில் தெரிந்த ஒருவர், தீவனம் பற்றிச் சொல்ல ஒருவர். படம் முடிந்ததும் அவர்கள் ஜனங்களிடம் பேசினார்கள். அதைக் கேட்டுப் புதிய சங்கங்கள் உண்டாயின. குஜராத்தின் ஆனந்த் நகரில் பிறந்த அந்த முறை தமிழ்நாட்டுக்கும் வந்தது. நம் ஊர்ச் சங்கத்தில் காலையில் பாலை அளந்து ஊற்றிக் கணக்கு எழுதுகிறார்களே, அதே முறைதான்.

கொட்டு அடித்துச் சேர்த்த பணம்

பக்கத்துக் கேரளத்தில் இன்னொரு விதமாக நடந்தது. டைரக்டர் ஜான் ஆபிரகாமை நமக்குத் தெரியும். "அக்ரஹாரத்தில் கழுதை" என்ற தமிழ்ப் படத்தை 1977இல் எடுத்தவர். பட முதலாளிகளை நம்புவதில்லை என்று முடிவு செய்து, 1984இல் நண்பர்களோடு "ஒடேஸா" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். கிராமங்களில் கொட்டு அடித்து ஜனங்களைக் கூட்டினார்கள். சார்லி சாப்ளின் படத்தைத் திரை கட்டிக் காட்டினார்கள். துண்டை விரித்துக் கிடைத்ததை வாங்கினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் 1986இல் "அம்மா அறியான்" வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஜான் ஆபிரகாம் காலமானார்.

கன்னடத்தில் பவன் குமார் என்ற டைரக்டர் இணையத்தில் பணம் கேட்டு "லூசியா" என்ற படத்தை 2013இல் எடுத்தார். அது தமிழில் "எனக்குள் ஒருவன்" என்று 2015இல் வந்தது. லீனா மணிமேகலை டைரக்ட் செய்த "மாடத்தி" தமிழ்ப் படமும் ஊர்ப்பணத்தில் உருவானதுதான். நம் தென் மாவட்டத்துப் புதிரை வண்ணார் மக்களின் துயரம் அதன் கதை. எந்தப் பட முதலாளி இந்தக் கதைக்குப் பணம் போடுவார்? ஊர்ப்பணம் இருந்ததால் படம் வந்தது. 2019இல் கொரியாவின் பூசான் பட விழாவுக்கும் போயிற்று.

இங்கேதான் நம் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடிகையைப் பார்க்கவும், காமிரா முன் நிற்கவும் பணம் கொடுப்பது ஒரு பொழுதுபோக்கு. வசதி உள்ளவர் செய்யட்டும், தப்பில்லை. ஆனால் குஜராத் விவசாயி நடிகையைப் பார்க்கப் பணம் கொடுக்கவில்லை. தன் கதையைச் சொல்லக் கொடுத்தார். அவர் படப்பிடிப்பைத் தேடிப் போகவில்லை. படப்பிடிப்பே அவரைப் போன்றவர்கள் வாழும் கிராமத்தைத் தேடி வந்தது! சங்கரன்கோவில் தறிக்காரர்களின் கதையும் பூ விவசாயிகளின் கதையும் இன்னும் சொல்லப்படாமல் கிடக்கின்றன. மல்லிகை விலை ஒரு நாள் ஆயிரத்தைத் தொடுவதும், இன்னொரு நாள் பறிக்கிற கூலிக்கே கட்டாமல் போவதும் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கு யாராவது நேர்மையோடு வந்து இருபது ரூபாய் கேட்டால் கொடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நன்கொடை என்று கேட்டால் அது நன்கொடை. திரும்பி வராது என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். ரசீது கேட்டு வாங்க வேண்டும். கொடைக்கு வரி பிரித்தவர்கள் வரவு செலவை எழுதி ஊர்க் கூட்டத்தில் வாசிக்கிறார்கள். படம் எடுப்பவரும் அப்படிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் என்ன?

"லட்ச ரூபாய் போடுங்கள், படம் ஓடியதும் இரண்டு லட்சமாகத் தருகிறோம். வெளிநாட்டுப் படப்பிடிப்புக்கும் அழைத்துப் போகிறோம்" என்று சிலர் வருவார்கள். இது வேறு சமாச்சாரம். பங்கு தருவதாகச் சொல்லி இணையத்தில் பொது ஜனங்களிடம் பணம் திரட்ட இந்தியாவில் அனுமதி இல்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் "செபி" 2016ஆம் ஆண்டிலேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. ஒரு தனியார் கம்பெனி, வெளியாருக்குத் தனிப்பட்ட முறையில் பங்கு கொடுப்பதானாலும் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் கேட்கக்கூடாது என்பது கம்பெனிச் சட்ட விதி. ஆயிரம் பேர், பதினாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று ஒருவர் பெருமை பேசினால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும். பெண் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தையும், தறிக்கு வாங்கிய கடனையும் இதில் போடவே கூடாது.

"மந்தன்" படத்தின் மூலப் பிரதி நாளடைவில் பூஞ்சணம் பிடித்துக் கெட்டது. திரைப்படப் பாரம்பரிய அறக்கட்டளை ஒன்று அதை எடுத்துச் செப்பனிட்டது. வேலையின் ஒரு பகுதி நம் சென்னையில் பிரசாத் நிலையத்தில் நடந்தது. 2024 மே மாதம் பிரான்ஸ் நாட்டின் கான் பட விழாவில் அதைத் திரையிட்டார்கள். நஸீருத்தீன் ஷா போயிருந்தார். குரியனின் மகளும் போயிருந்தார். ஷியாம் பெனகல் அந்த ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி தமது 90ஆவது வயதில் காலமானார். அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், இந்தியாவின் பல நகரங்களில் அந்தப் படம் மறுபடி தியேட்டர்களுக்கு வந்து ஓடியது.