ஓடும் வண்டியில் உறங்கும் உரிமை

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்கப் புகுவோர் அந்நாட்டின் மாளிகைகளைப் பார்ப்பர், பாலங்களை எண்ணுவர், வண்டிகளின் வேகத்தைக் கணக்கிடுவர். நாம் வேறோர் அளவுகோலைக் கூறுவோம். அந்நாட்டின் குறுக்கே ஓடும் நெடுந்தூர ரயிலில், இரவு பத்து மணிக்குமேல், மிகக் குறைந்த கட்டணம் கொடுத்தவன் எந்நிலையில் இருக்கின்றான் என்று பாருங்கள். காலை நீட்டிப் படுத்திருக்கின்றானா? முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கின்றானா? அன்றிக் கதவோரத்தில் நின்றபடியே கண்ணயர்கின்றானா? இதற்குக் கிடைக்கும் விடையே அந்நாட்டின் நாகரிகத்துக்குச் சான்று.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். அஸ்ஸாமிலுள்ள திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு விவேக் எக்ஸ்பிரஸ் என்னும் வண்டி 2011 முதல் ஓடுகின்றது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், எழுபது மணிக்கு மேற்பட்ட பிரயாணம், ஒன்பது மாநிலங்கள். உல்லாசமாக ஊர் பார்க்கப் புறப்பட்டவர்களால் மட்டும் அவ்வண்டி நிரம்புவதில்லை. அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் பிழைப்பற்றுத் தென்னாட்டில் கட்டட வேலையும் ஓட்டல் வேலையும் தேடி வருவோர் அதில் ஏராளம். மூன்று இரவுகளை வண்டியிலேயே கழிக்க வேண்டிய அம்மனிதனுக்குப் படுக்கை ஓர் ஆடம்பரமா? மறுநாளே செங்கல் சுமக்க வேண்டிய உடம்பன்றோ அது?

இவ்விஷயம் நேற்று முளைத்ததன்று. 1917ஆம் ஆண்டில் காந்தியார் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பிற் பிரயாணஞ் செய்து, தாம் கண்டதை எழுதி வெளியிட்டார். இருபத்திரண்டு பேருக்கென்று எழுதப்பட்ட அப்பெட்டியில் உட்கார மட்டுமே இடமுண்டு; பத்திரமாகப் படுக்க வழியில்லை. சென்னை சேர இரண்டு இரவுகள் கழிய வேண்டும். முதல் வகுப்புக் கட்டணமோ மூன்றாம் வகுப்பைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். ஆயின் சௌகரியத்தில் ஐந்தில் ஒரு பங்கேனும் ஏழைக்குக் கிடைக்கின்றதா என்பதே அவர் கிளப்பிய கேள்வி. வியாபாரக் கணக்கின்படி பார்த்தாலும் அது நியாயமான கேள்வியே. எனினும் அதற்கு நேர்மையான விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் மறைந்தது, மரப்பலகை மறையவில்லை. 1977இல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே என்பவர்தாம் இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைகளின்மேல் இரண்டு அங்குல மெத்தை போடச் செய்தார். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே வகுப்பு வேற்றுமையற்ற கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. முதற் பிரயாணிகள் ரயில் ஓடிய 1853ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால், ஏழையின் முதுகுக்கு இரண்டு அங்குலம் மென்மை வர 124 ஆண்டுகள் சென்றன!

அந்த இரண்டு அங்குலம் முதுகுக்கு மட்டும் நன்மை செய்யவில்லை. ஒரு காலத்தில் ரயில் நிலையங்களில் இந்துத் தண்ணீர் வேறு, முஸ்லிம் தண்ணீர் வேறு. தென்னாட்டு ரயில்வே உணவு விடுதிகளிற் பிராமணருக்கென்று தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல் தான் ஒழிந்தது. அத்தகைய நாட்டில், ‘ஸ்லீப்பர்’ என்று ஜனங்கள் வழங்கும் படுக்கை வகுப்பு எத்தகைய காரியத்தைச் சாதித்தது என்று யோசியுங்கள். எதிரெதிராக மும்மூன்று படுக்கைகள், நடைபாதைக்கு அப்பால் இரண்டு; ஆக ஓர் அடைப்பில் எட்டுப் பேர். நடுப்படுக்கையைத் தூக்கி மாட்டிவிட்டால், முன்பின் அறியாத எண்மர் ஒரு முழ இடைவெளியில் ஒருவர் மூச்சை மற்றவர் சுவாசித்துக்கொண்டு விடியும்வரை உறங்குகின்றனர். மேலே படுத்தவன் எச்சாதி என்று கீழே படுத்தவன் கேட்பதில்லை. சீட்டிலுள்ள எண்ணொன்றே அங்குச் சட்டம். ஆயிரம் மேடைப் பிரசங்கங்கள் செய்ய முடியாததை ஓர் இருப்புச் சங்கிலியில் தொங்கும் பலகை செய்து காட்டியது.

பிறப்பால் வந்த ஏற்றத்தாழ்வை இவ்வாறு வாசல் வழியாக வெளியேற்றிவிட்டு, பணத்தால் வரும் ஏற்றத்தாழ்வைச் சன்னல் வழியாக உள்ளே அழைக்கின்றனரே என்பதுதான் நம் குற்றச்சாட்டு. 2026 ஜனவரியில் ஹௌராவுக்கும் குவஹாத்திக்கும் இடையே வந்தே பாரத் படுக்கை வண்டி தொடங்கப்பட்டது. பதினாறு பெட்டிகள், 823 படுக்கைகள், அத்தனையும் குளிர்சாதனம். அழகிய வண்டிதான், மறுக்கவில்லை. அதில் படுக்கை உறுதியானவருக்கு மட்டுமே சீட்டு. சாதாரண வண்டிகளில் நடப்பதென்ன? ‘ஆர்.ஏ.சி.’ என்றொரு முறை உண்டு. ஒரு பக்கப் படுக்கையை இருவருக்கு ஆசனமாகப் பங்கிட்டு, இருவரிடமும் முழுப் படுக்கைக் கட்டணத்தை வாங்குவதே அது. வேறு படுக்கை காலியாகாவிடின் இருவரும் இரவெல்லாம் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தே போகவேண்டும். ஒரு மாட்டை இருவருக்கு விற்று இருவரிடமும் முழு விலை வாங்குபவனை ஊரார் என்னவென்று அழைப்பார்கள்? ரயில்வே செய்தால் மட்டும் அதற்கு ‘விதி’ என்று பெயரோ? படுக்கையில்லாமல் சீட்டு விற்பது தவறென்று உயர்ந்த வண்டியில் உணர்ந்தவர்களுக்குத் தாழ்ந்த வண்டியில் அவ்வுணர்வு ஏன் வரவில்லை?

“எல்லாருக்கும் குளிர்சாதனம் வருவது முன்னேற்றந்தானே? ஏழை மட்டும் வெயிலில் வேகவேண்டுமா?” என்று வினவுவோர் உளர். நன்று! படுக்கை வகுப்புக் கட்டணத்துக்கே குளிர்சாதனம் கொடுப்பாராயின் நாமே முதலிற் கைதட்டுவோம். ஆனால் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பின் கட்டணம் சாதாரணப் படுக்கையைப் போல் இரு மடங்குக்கும் மேல். பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால், பழைய பெட்டியில் இருந்தவன் புதிய பெட்டிக்குள் ஏறுவதில்லை. முன்பதிவில்லாத பெட்டியின் நெரிசலுக்குள் தள்ளப்படுகின்றான். இதனை முன்னேற்றம் என்பது, குடிசையை இடித்து மாளிகை கட்டி, குடிசைவாசி மாளிகைக்கு உயர்ந்தான் என்று கணக்கெழுதுவதை ஒக்கும்.

“பிரயாணிகளால் நஷ்டமே, சரக்கு வண்டி வருமானத்தைக் கொண்டே அந்நஷ்டத்தை ஈடு செய்கின்றோம்” என்பது மற்றொரு வாதம். உண்மைதான். ஆனால் அந்தச் சரக்கு யாருடைய உழைப்பு? நிலக்கரியை வெட்டியவன் யார்? நெல்லை விளைத்தவன் யார்? சிமெண்டு மூட்டையைத் தூக்கியவன் யார்? அவனுடைய வியர்வையால் வந்த வருமானத்தில் அவனுக்கே ஒரு படுக்கை கொடுப்பதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்வது வெட்கக்கேடு.

2023இன் இறுதியில் தொடங்கிய அம்ருத் பாரத் வண்டிகள் குளிர்சாதனமின்றியே நல்ல படுக்கைகளோடு ஓடுகின்றன என்பதையும் சொல்லிவிடுகின்றோம். செய்யத் தெரியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. தெரிந்ததைப் போதிய அளவிற் செய்யவேண்டும் என்பதே நம் கோரிக்கை. இரவு கடந்து ஓடும் ஒவ்வொரு வண்டியிலும் குறைந்த கட்டணப் படுக்கைகள் இத்தனைக்குக் குறையலாகாது என்று சட்டம் வேண்டும். படுக்கை கிடைக்காமல் உட்கார்ந்தே வந்தவனுக்குப் பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும்.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற மூன்றாம் வகுப்பில் வந்து, கப்பலிலும் மேற்றளத்திற் கிடந்து இக்கரை சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களுமே நம்மிற் பெரும்பாலோர். இன்று நம்மவர் தாய்நாடு பார்க்கச் சென்று, குளிர்சாதனப் பெட்டியிற் போர்வை போர்த்துப் படுத்துறங்கி வந்து, “ரயில் பிரமாதம்!” என்று புகழ்கின்றனர். புகழட்டும். ஆனால் அடுத்த முறை விடியற்காலையில் நிலையத்தில் இறங்குங்கால், வண்டியின் முன்கோடிக்கும் பின்கோடிக்கும் நடந்து சென்று, முன்பதிவில்லாத பெட்டியிலிருந்து இறங்குவோரின் கண்களைப் பார்க்கட்டும். தூங்காத அக்கண்களைப் பார்த்த பின்னும் “பிரமாதம்” என்று சொல்ல நா எழுமாயின், அப்போது சொல்லட்டும்!