ஆவாரையைப் பறிக்கிறோம், நடுவதில்லை

மடலேறுதலைப் பாடமாக நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நாம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. ஆவிரையைப் பார்த்தவர் யார்? ஒரு கையும் உயராது. ஆவாரம்பூ என்று மாற்றிக் கேட்டால் வகுப்பே சிரித்தபடி கை உயர்த்தும். எங்கே பார்த்தீர்கள் என்றால், பொங்கலுக்கு முன் சந்தையில் கட்டாக, நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக என்றே விடை வரும். செடியாகக் கண்டவர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.

குறுந்தொகை 173ஆம் பாடலிலும் கலித்தொகை 138ஆம் பாடலிலும் மடலேறத் துணிந்தவனுடன் ஆவிரை வருகிறது. கலித்தொகை பூளையையும் எருக்கையும் உடன் சேர்க்கிறது. இப்பூக்கள் அங்கே நாணைத் துறந்ததன் அடையாளங்கள். அதே ஆவிரையும் பூளையும்தான் கொங்கு நாட்டில் வேப்பிலையோடு சேர்ந்து, போகியன்று காப்புக்கட்டாகி வீட்டு இறவாரத்திலும் வயலிலும் செருகப்படுகின்றன. நாணழிந்தவனின் பூ இல்லம் காக்கும் பூவானது எவ்வாறு? இரண்டு வழக்குகளுக்கும் பொதுவாக நமக்குத் தோன்றுவது ஒன்றே. யாரும் விளைவிக்காமல் வழியோரத்தில் கிடைத்த பூ அது. எவரும் எவரையும் கேளாமல் பறிக்கலாம்.

கேளாமல் பறித்தே பழகிவிட்டோம் என்பதுதான் நம் வருத்தம். ஆவாரந்தழை நெல்வயலுக்கு உரமானது. குச்சி பல் துலக்க உதவிற்று. பூ குளியல் பொடியில் சேர்ந்தது. சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் உண்டு. இலங்கையில் இதன் பூவை 'ரணவரா' என்ற பெயரில் தேநீர்போல் காய்ச்சிக் குடிக்கின்றனர்.

எல்லாவற்றினும் பெரிய வணிகம் பட்டையில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய தோல்கள் ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்டவை. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான வேட்டில் பட்டை அதன் இடத்தைப் பிடித்தது. அப்பட்டைக்காக நீலகிரியிலும் பழனி மலையிலும் நடப்பட்ட வேட்டில் மரங்கள் இன்று மலைப் புல்வெளிகளை விழுங்கி நிற்கின்றன. தரிசில் வளரும் நம் செடியைப் பயிராக்க எண்ணாமல், அயல் மரத்தை மலையேற்றியதன் விலை இது.

தானே முளைப்பதை நடுவானேன் என்று கேட்கலாம். முளைக்கும் இடம் எங்கே? தரிசுகள் மனைப்பிரிவுகளாகின்றன, சாலை அகலும்போது ஓரச்செடிகள் முதலில் போகின்றன, எஞ்சிய இடத்தைச் சீமைக்கருவேலம் வளைத்துக்கொள்கிறது. தப்பிய செடியையும் பொங்கல் சந்தைக்காகக் கிளையோடு ஒடித்தால் காய் ஏது, விதை ஏது?

வளர்ப்பதில் அருமை ஏதுமில்லை. பழுப்பேறி உலர்ந்த காயிலிருந்து விதை எடுக்க வேண்டும். விதைத்தோல் கடினமானது, கொதித்து இறக்கிய நீரில் இட்டு ஓரிரவு ஊறவைத்தால் முளைப்பு எளிது. மழை தொடங்குகையில் மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றலாம். நீர் தேங்காத நிலமாயின் கரிசலும் செம்மண்ணும் ஒன்றே. வேர் பிடிக்கும்வரை நீர் வார்த்தால் போதும், பிறகு வானம் பார்த்துக்கொள்ளும். ஆடுமாடு விரும்பி மேயாது என்பதால் வேலிச் செலவும் மிச்சம். பறிக்கையில் பூவை மட்டும் கொய்து, சில கொத்துகளைக் காய்க்க விட்டால் அடுத்த தலைமுறைச் செடிக்கு வித்துக் கிடைக்கும்.

2014இல் உருவான தெலங்கானா, பதுகம்மா விழாவில் அடுக்கப்படும் இதே மலரைத் தன் மாநில மலராக்கிக்கொண்டது. நாமோ பாடத்தில் வைத்துப் பெருமை பேசுகிறோம். எம் கல்லூரித் தோட்டத்தில் ஆவாரை வைக்கக் கேட்டபோது, 'காட்டுச்செடியையா?' என்ற வியப்பே விடையாகக் கிடைத்தது. குரோட்டன்சுக்கு அங்கே தினமும் தண்ணீர் பாய்கிறது. பலமுறை கேட்டபின் துறைக்குப் பின்புறச் சுவரோரம் மட்டும் கிடைத்தது. நட்டவற்றுள் நான்கு பிழைத்து, சென்ற ஆண்டு பூத்தன.

தமிழ்த்துறைகள் தோறும் இவ்வாறு நான்கு செடிகளேனும் நிற்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். சங்கப் பாடலுக்கு உரை எழுதுவதோடு, அதிலுள்ள செடிக்கு நீர் வார்ப்பதும் தமிழாசிரியர் பணியே. இவ்வாண்டு அப்பாடம் வந்தபோது நாம் கேள்வி கேட்கவில்லை. சன்னலைத் திறந்துவைத்தோம்.