வெட்கம் யாருக்கு?

இந்தக் கட்டுரையை முதலில் ஒரு பத்திரிகை நண்பரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார். “நம்முடையது குடும்பப் பத்திரிகை. வாசகிகள் முகம் சுளிப்பார்கள்” என்றார்.

“ஐயா, இது குடும்பத்துக்குள்ளே நடக்கிற சங்கதிதானே? சந்நியாசி மடத்தில் நடந்ததாகவா எழுதியிருக்கிறேன்?” என்றேன். சிரித்தார்; ஆனால் போடவில்லை. முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு வருத்தமில்லை.

என் பெரியப்பா திருப்பூரில் நாற்பது வருஷம் பனியன் கம்பெனிக் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். துணியை விரலால் தடவியே ‘இது இன்டர்லாக், இது ரிப்’ என்று சொல்லிவிடுவார். அவர் வெட்டிக் கொடுத்த ஜட்டிகள் கப்பலேறி எந்தெந்த தேசத்து இடுப்புகளையோ சுற்றியிருக்கின்றன. அறுபத்தெட்டாம் வயதில் அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். நோய் போயிற்று. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

பாயசம் சாப்பிட்ட மனிதர் அதன்பிறகு வெளியே வரவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை, துக்கத்துக்கு வரவில்லை. பேத்தியின் காதுகுத்துக்கும் ‘முதுகு வலி’ என்று சொல்லிவிட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் நான் போயிருந்தபோது, திண்ணையிலிருந்து எழுந்தவர் சட்டென்று துண்டை எடுத்து வேட்டியின் முன்புறம் மறைத்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

“இருமுனா வருது, எந்திரிச்சா வருது. ஆருகிட்டச் சொல்றது கண்ணு?” என்றார்.

அதுவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பனியன் வேஸ்டைச் சுருட்டி ஜட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மெஷினில் எண்ணெய் துடைக்கிற கட்டிங் வேஸ்ட்! 1920களிலிருந்து உள்ளாடை பின்னுகிற ஊர். அந்த ஊரின் கைதேர்ந்த கட்டிங் மாஸ்டர். அவருக்குக் கிடைத்தது அதுதான்.

மருந்துக் கடைக்கும் ஒருமுறை போயிருக்கிறார். பெரியவர்களுக்கான டயாபர் கேட்டார். கடைப் பையன் கூச்சமில்லாமல், “ஆளு படுத்த படுக்கைங்களா?” என்று கேட்டானாம். சுற்றிலும் நாலு பேர். “ஆமாங்” என்று சொல்லிவிட்டார். கடைக்கு நடந்து போன மனிதர், தன்னையே படுக்கையில் கிடத்திவிட்டுத் திரும்பி வந்தார். இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கம்மிற்று.

நான் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டேன். அறுவைக்கு முன்னால் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு சொன்னபோது, “உயிர் தப்பியதே பெரிது, இதெல்லாம் போகப் போகச் சரியாகும்” என்றார்களாம். இந்தப் பதில்தான் என் கோபத்துக்கு முதற்காரணம். அது பொய்யல்ல, பாதி நிஜம். பாதி நிஜத்தை எட்டு மாதம் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படிக் குடித்தனம் நடத்துவான்?

முழு நிஜம் இதுதான். சிறுநீர்ப் பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது இந்தச் சுரப்பி. நீரைத் தடுக்க நமக்கு உள்ளே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அடைப்புகள். சுரப்பியை எடுக்கும்போது உள்ளடைப்பு பழுதாகிவிடுகிறது. இரண்டு பேர் செய்த காவலை இனிக் கீழே இருப்பவன் ஒருவனே செய்ய வேண்டும். இருமல், தும்மல், பளுத் தூக்கல் என்று வயிறு அழுத்தினால் அவன் தோற்றுப்போகிறான். கதிர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வேறு விதம்: பை எரிச்சலுற்று, அடக்க முடியாமல் அவசரப்படுத்தும்.

அந்த ஒற்றைக் காவல்காரனுக்குப் பயிற்சி கொடுக்கலாம். காற்றை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி, சில விநாடி பிடித்து, விட வேண்டும்; பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. 1948இல் ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மகப்பேறு வைத்தியர் பிரசவித்த பெண்களுக்காக எழுதிவைத்த பயிற்சி இது. ‘பொம்பளைங்க வைத்தியமா?’ என்று நம் ஆண்பிள்ளைகள் மீசையைத் தடவக் கூடும். தடவிக்கொண்டே செய்யட்டும்! பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், ஒரு வருஷத்துக்குள், கசிவு நன்றாகக் குறைந்துவிடுகிறது. குறையாதவர்களுக்கு வேறு அறுவை முறைகள் உண்டு; செயற்கை அடைப்பே 1970களிலிருந்து இருக்கிறது. செலவு லட்சக்கணக்கில் ஆகும் என்பது வேறு விஷயம். பெரியப்பா தம் சொந்த யோசனையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார். அது தப்பு. நீர் குறைந்தால் சிறுநீர் கடுத்துப் பையை இன்னும் எரிக்கும். மலச்சிக்கலும் சேர்ந்து அழுத்தும். காபியைக் குறைத்திருந்தால் போதும்.

இவ்வளவுதான். ஐந்து நிமிஷப் பேச்சு. இதைச் சொல்ல ஓர் ஆஸ்பத்திரிக்கு நேரமில்லை என்றால் நான் நம்பத் தயாராக இல்லை. நேரமல்ல, நாக்குத்தான் எழவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியை மட்டும் ஏசிவிட்டுப் போனால் நான் யோக்கியனல்ல. எத்தனையோ கதைகள் எழுதிவிட்டேன். என் பாத்திரங்களில் இரண்டு பேரைப் புற்றுநோயால் சாகடித்திருக்கிறேன். இருவரும் வெள்ளைத் தலையணையில் சாய்ந்து, ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தபடி அழகாகச் செத்தார்கள். வாசகர்கள் அழுது கடிதம் எழுதினார்கள். நோய் தீர்ந்து, ஈர வேட்டியோடு இருபது வருஷம் வாழ வேண்டிய மனிதனை நான் எழுதவே இல்லை. சாவுக்கு அழுகிறோம், ஈரத்துக்கு மூக்கைப் பொத்துகிறோம்.

பெரிய இடத்திலும் இந்தக் கதைதான். பிரான்சின் ஜனாதிபதி மித்தரான் 1981இல், பதவியேற்ற சில மாதங்களிலேயே தமக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று அறிந்தார். 1992 வரை ஊருக்குச் சொல்லவில்லை. ஜனாதிபதிக்கே அப்படியென்றால் கட்டிங் மாஸ்டர் எம்மாத்திரம்?

பெண்கள் விஷயத்தில் வெட்கம் கொஞ்சம் உடைந்திருக்கிறது. பக்கத்துக் கோயம்புத்தூரில் அருணாசலம் முருகானந்தம் நாப்கினைக் கையிலெடுத்தபோது ஊர் அவரைப் பைத்தியம் என்றது. 2016இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2018 ஜூலையில் நாப்கினுக்கு இருந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். நல்லது, மிக நல்லது. நோயாளியின் டயாபருக்கோ 12 சதவீத வரி 2025 செப்டம்பர் வரை நீடித்து, பிறகுதான் 5 ஆயிற்று. கேட்க ஆளில்லை, ஆண்பிள்ளை கேட்கமாட்டான்.

நனைந்த பட்டையை எங்கே போடுவது என்று யோசித்ததுண்டா? பெண்கள் கழிப்பறையில் கூடை வைக்கிறார்கள். ஆண்கள் பக்கம்? இங்கிலாந்தில் புராஸ்டேட் நோயாளிகளுக்கான சங்கம், ஆண்கள் கழிப்பறையிலும் மூடிபோட்ட கூடை வேண்டும் என்று வெளிப்படையாகவே கிளர்ச்சி செய்தது. இங்கே பெரியப்பா அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களே, மணமேடைக்கு எத்தனை லட்சம் செலவழிக்கிறீர்கள்! ஒரு கூடை என்ன விலை?

திருப்பூர் முதலாளிகளிடமும் ஒரு வார்த்தை. பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கி, சாயமேற்றி, வெட்டி, ஓவர்லாக் அடித்து, எலாஸ்டிக் கோத்து, மடித்து, அட்டைப் பெட்டியில் அடைக்கிற அத்தனை கைகளும் உங்களிடம் இருக்கின்றன. உறிஞ்சுகிற நாலு மடிப்பும் ஒழுகாத ஓர் அடித்துணியும் வைத்த, துவைத்து உடுத்துகிற ஜட்டி உங்களுக்கு மலையா? மருந்துக் கடையில் கூசிக் கேட்கும்படி அல்லாமல், மற்ற ஜட்டிகளோடு அதுவும் கடைவீதியில் தொங்கட்டுமே.

பெரியப்பா காத்திருக்கவில்லை. பயிற்சியை ஆரம்பித்த மூன்றாம் மாதம் கசிவு பாதியானது. அப்புறம் ஒரு நாள் பழுப்புக் காகிதத்தில் தாமே பேட்டர்ன் வரைந்து வெட்டினார். அடுத்த தெரு ஓவர்லாக் டெய்லரம்மாவிடம் கொடுத்துத் தைத்தார். “யாருக்குங்க?” என்று அந்தம்மா கேட்டதற்கு, “எனக்குத்தான் அம்மிணி” என்றாராம். போன மாதம் பஸ் ஏறிக் கோவைக்கு வந்து, என் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார்.

இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பேரு போடாத. அளவு வேணாப் போட்டுக்க கண்ணு” என்றார். “தொண்ணூறு.”