கடைக் கட்டடங்களின் புறப்பூச்சு

கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, சமயம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதும் தகுதி எனக்கில்லையே எனத் தயங்கினேன். நாற்பது ஆண்டுகளாகச் சுவரோடும் சாந்தோடும் பழகியவன் யான். ஆதலின் அறிந்த பொருளையே எடுத்துக்கொண்டேன். நம் பழைய மாணவருள் வணிகத் துறையிற் சிறந்து விளங்குவோர் பலர். அவர்களுட் சிலர் இன்று யாழ்ப்பாணப் பட்டினத்திலும் சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி முதலிய இடங்களிலும் இரண்டு மாடி, மூன்று மாடிக் கடைகளை எழுப்பி வருகின்றனர். அக்கட்டடங்களின் புறச்சுவர்ப் பூச்சைப் பற்றி அவர்களுக்குச் சில கூற விழைகின்றேன். என்னைக் கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை.

என் குறை இதுதான். அத்திவாரத்துக்குப் பொறியியலாளரைத் தேடுகிறார்கள். தரைக்குப் பதிக்கும் கல்லைத் தெரிவதற்குக் கொழும்புவரை செல்கிறார்கள். புறப்பூச்சுக்கு மாத்திரம் திட்டம் என்று ஒன்று இருப்பதில்லை. பணம் தீரும் தறுவாயில், திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தபின், எஞ்சிய சில கிழமைகளில் முடிக்க வேண்டிய வேலையாகவே அது கருதப்படுகின்றது.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மேற்பார்வையில் ஒரு புடைவைக் கடை எழுந்தது. தீபாவளி வியாபாரத்தைத் தவறவிடலாகாது என்று உரிமையாளர் அவசரப்பட்டார். புரட்டாதிக் கடைசியிற் பூசிய சுவருக்குப் பத்து நாளில் வர்ணமும் பூசப்பட்டது. யான் மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. மூன்றாவது மாரியில், மேல்மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு பாய் அகலப் பூச்சு பெயர்ந்து நடைபாதையில் வீழ்ந்தது. மழைக்கு ஒதுங்கிச் சைக்கிளுடன் அவ்விடத்தில் நின்ற பாடசாலைச் சிறுவன் ஒருவன் அப்பொழுதுதான் விலகிச் சென்றிருந்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கின்றது.

புறப்பூச்சு அலங்காரத்துக்குரியது என்ற எண்ணமே எல்லாத் தவறுக்கும் மூலம். இலண்டன் மாநகரில் ஜோன் நாஷ் என்னும் கட்டடக் கலைஞர் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றீஜன்ற் வீதிக் கடைகளைச் செங்கல்லாற் கட்டுவித்து, கல்லென மயங்கும்படி மேலே பூச்சிட்டார். கண்ணுக்கு அது அழகு. ஆயினும் அவ்வழகு நிலைக்க வேண்டுமானால் காலந்தோறும் வர்ணம் பூசிப் பேணியாக வேண்டும். மழையைத் தடுப்பதும், உட்புகுந்த ஈரத்தை மெல்ல வெளிவிடுவதும், சுவரைக் காற்றின் அரிப்பிலிருந்து காப்பதுமே பூச்சின் முதற் கடமை. அழகு அதன் பின்னரே.

திட்டத்தின் முதற் பகுதி நாட்காட்டி. நம் குடாநாட்டில் ஐப்பசி முதல் மார்கழிவரை வாடைக் காற்றோடு மாரி பொழிகின்றது. அக்காலத்திற் பூசிய பூச்சு கரைந்து ஒழுகாவிடினும், நனைந்த சுவரின் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். வைகாசி முதல் வீசும் சோளகமோ இதற்கு நேர்மாறு. பூசிய சாந்து இறுகுமுன்னரே அதன் நீரை உறிஞ்சிவிடும். மயிரிழை வெடிப்புகள் மறுநாளே தோன்றும். எனவே தையின் பிற்பகுதியும் மாசியும் பங்குனியுமே உகந்தவை. வணிகர்க்கு இதில் ஒரு வசதியும் உண்டு. தைப்பொங்கல் வியாபாரம் முடிந்து சித்திரை வருடப்பிறப்பு வியாபாரம் தொடங்குமுன் உள்ள மந்தமான காலம் அது. அப்பொழுது கடை முன்னே சாரம் நின்றாற் பெருநட்டம் வராது. இவ்வாறிருக்க, தீபாவளியை நோக்கிப் பூசுவோர் மழைக்கும் கூட்டத்துக்கும் நடுவே சாரம் கட்டுகின்றனர். அந்த மாதங்களிலும் மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் பூசுதல் நன்று. வேலை நிழலோடு நகர வேண்டும்.

அடுத்தது மணலும் நீரும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத நாடு நம்முடையது. ஆற்று மணலுக்கு வன்னியைப் பார்த்திருக்கிறோம். அண்மையிலுள்ளவை வல்லிபுரம், மணற்காட்டு மணற்குன்றுகள். குன்று மணல் பார்வைக்கு வெண்மையாயும் மிருதுவாயும் இருக்கும். மேசன்மாருக்கும் அது பிடிக்கும், ஏனெனில் சாந்தகப்பையில் வழுக்கிச் செல்லும். ஆனால் ஒரே பருமனான நுண்மணல் மிகுந்த நீரை வேண்டும். நீர் மிகுந்தாற் சுருக்கமும் மிகும். கடற்காற்றுக் கொணர்ந்த உப்பும் அதில் இருத்தல் கூடும். கரையோரக் கிணற்று நீரும் அப்படியே. வாயில் வைத்து உவர்க்கும் நீரைச் சாந்துக்கு ஊற்றுவது, பின்னாளில் சுவரில் உவர் பூப்பதற்கு இன்றே விதை இடுவதாகும். குன்று மணலல்லாது வேறு கிடையாதெனின், நல்ல நீரிற் கழுவிப் பருமணலோடு கலந்தே பயன்படுத்த வேண்டும். இச்செலவை மதிப்பீட்டில் முன்னரே எழுதாதவர் பின்னர் ஒருபோதும் செய்யமாட்டார்.

கலவை பற்றி மக்களிடையே ஒரு மூடநம்பிக்கை நிலவுகின்றது. சீமெந்து கூடினால் உறுதி கூடும் என்பதே அது. தூணுக்கு அது பொருந்தும், பூச்சுக்குப் பொருந்தாது. சீமெந்து மிகுந்த பூச்சு சுருங்கி வெடிக்கும். ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு நீறிய சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்பது புறச்சுவருக்கு நெடுங்காலமாய் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. மேற்படை அடிப்படையிலும் வலிதாயிருத்தல் ஆகாது. அடிப்படையைச் சீவி வரியிட்டு, சில நாள் நனைத்துக் காயவிட்டு, சுருங்குவது சுருங்கியபின் மேற்படை இட வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் அப்பிவிட்டுப் போகும் வழக்கத்தை எங்கும் காண்கின்றோம். ஏழு நாளேனும் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதை யாவரும் அறிவர். மூன்றாம் நாள் தெளிப்பவரைக் காண்பதரிது.

கொங்கிறீற்றுத் தூணும் கல்லுச்சுவரும் சந்திக்குமிடம் எப்போதும் வெடிக்கும். இரண்டும் வெவ்வேறளவில் விரிந்து சுருங்குவதே காரணம். அவ்விடத்துக் கம்பிவலை பதித்துப் பூசலாம். அல்லது நேரான கோடொன்று விட்டு, வெடிக்க வேண்டிய இடத்தை நாமே தெரிந்து கொடுக்கலாம். அமெரிக்க நாட்டில், கம்பிவலைமேற் பூசும் புறச்சுவரை 144 சதுர அடிக்கு மேற்படாத கட்டங்களாகப் பிரிக்க வேண்டுமென விதித்திருக்கின்றனர். நம் கல்லுச்சுவர்களுக்கு அவ்வளவு நெருக்கம் வேண்டியதில்லை. எனினும் நாற்பதடி நீளச் சுவரைக் கோடேதுமின்றி வழுவழுப்பாகப் பூசுக என்று உரிமையாளர் கேட்கும்போது, வெடிப்புத் தானே தன் வழியை வரைந்துகொள்ளும் என்று எடுத்துரைப்பது நம் கடமை. யன்னற் பீடத்தின் அடியில் நீர் சொட்டுவதற்கு விடும் சிறு பள்ளமும் இத்தகையதே. அது கால் நாள் வேலைதான். அதை விட்டுவிட்டால் சுவரெங்கும் கறுத்த தாரைகள் இறங்கும்.

கடைச் சுவருக்கென்றே உரிய தொல்லை ஒன்றுண்டு. பூசி வர்ணம் தீட்டி விழாவும் முடிந்த மறுகிழமை பெயர்ப்பலகைக்காரர் துளைபோட வருவார். அவர் போனபின் குளிரூட்டிக்காரர், அவர்பின் மின்வடக்காரர். ஒவ்வொரு துளையும் மழைக்கு ஒரு வாசல். பலகை எங்கே, குளிரூட்டி எங்கே, அதன் நீர் எக்குழாயால் இறங்கும் என்பவற்றைப் பூசுமுன் படத்திற் குறித்துவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

பெரியகடைப் பக்கத்தில் இன்னும் எஞ்சியுள்ள பழைய கட்டடங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவை நம் மண்ணின் சுண்ணக்கல்லாற் கட்டி, அதே கல்லைச் சூளையிற் சுட்டு நீற்றிய சுண்ணாம்பாற் பூசப்பட்டவை. சுட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மாதக்கணக்கில் உண்டு மீண்டும் கல்லாகின்றது. அப்பூச்சு மூச்சுவிடும். அதன்மேல் "புதுப்பித்தல்" என்ற பெயரிற் சீமெந்து பூசும்போது, நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே நின்று, உப்பைக் கல்லினுள்ளேயே படியவிட்டு, கல்லை மாவாக்குகின்றது. வெளியே பளபளப்பு, உள்ளே பொடி. இத்தகைய கட்டடத்தை உடையவர்கள் சுண்ணாம்புப் பூச்சு அறிந்த முதிய மேசன் ஒருவரைத் தேடிப் பிடித்து, இளைஞர் இருவரை அவருடன் வேலைக்கு விடுக என வேண்டுகிறேன். அவரும் போய்விட்டாற் கேட்பதற்கு ஆளில்லை.

கண்ணாடியும் அலுமினியத் தகடும் இருக்க இப்பூச்சுக் கதை எதற்கு என்பாரும் உளர். வாடிக்கையாளரைக் கண்ணாடி இழுக்கும் என்பதை யான் மறுக்கவில்லை. ஆனால் மேற்கு வெயிலில் நிற்கும் கண்ணாடிக் கடையின் மின்சாரப் பட்டியலை அதன் உரிமையாளரிடமே கேட்டுப் பார்க்கலாம். பூச்சு உடைந்தால் ஊர் மேசன் ஒருவரே திருத்துவார். தகட்டுக்கு அந்த நயம் இல்லை.

இறுதியாக ஒப்பந்தம். சதுர அடிக் கணக்கிற் கூலி பேசினால் வேகத்துக்குத்தான் கூலி கொடுக்கின்றோம். கூலியில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஒரு மாரி கழிந்து சுவரைத் தட்டிப் பார்த்தபின் கொடுப்பதென எழுதிக்கொண்டால் இருபாலார்க்கும் நியாயமாகும். நல்ல மேசன்மார் இதற்கு முகஞ்சுளிப்பதில்லை என்பது என் அனுபவம்.

முன்சொன்ன புடைவைக் கடையின் பூச்சு முழுவதையும் கொத்தி அகற்றி, அதற்கடுத்த மாசியில் புதிதாகப் பூசினோம். சென்ற மாரி முடிந்ததும் சாந்தகப்பைப் பிடியால் தட்டிக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தேன். மேற்குப் பக்கத்தில், குளிரூட்டியின் நீர் ஒழுகும் ஓரிடம் மாத்திரம், ஒரு முழ அகலத்துக்கு வெறுங்குடம்போல ஒலித்தது. குழாயை மாற்றி அவ்விடத்தைப் பூச ஏற்பாடு செய்திருக்கின்றோம்.